அப்பான்ரை பேருக்குச் சொன்ன ஓம்

ட்வெய்ட்டா சென்டர் கடைத்தொகுதியிலை, மருந்துக்கடைக்கு முன்னாலை இருக்கிற அந்த வாங்கிலை நீங்கள் எல்லாரும் இருந்து சிரிச்சுக்கொண்டிருக்கேக்கை, நான் கோப்பியை அரைவாசியிலை விட்டிட்டு எழும்பிப் போனனான். போன வருஷம். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்லை. அடுத்தநாள் தபால் கந்தோரிலை வேலை செய்த அண்ணை என்னைப் பிடிச்சுக் கேட்டவர், "ஏன் காணும், வோட்டுக் கதை வந்தால் மட்டும் நீர் எழும்பி ஓடுறீர்? உமக்கு ஆரும் வோட்டுப் பெட்டியாலை எறிஞ்சவங்களோ?" எண்டு. "குளிருது அண்ணை" எண்டிட்டு வந்திட்டன். சென்டருக்குள்ளை என்ன குளிர்? அவரும் பேந்து கேக்கேல்லை.

அதைத்தான் இப்ப சொல்லப்போறன். எனக்கு எழுதத் தெரியாது, கதைக்கத்தான் தெரியும். மகள் பக்கத்திலை இருந்து எழுதிறாள். நான் வேறை எங்கையும் போனால் "அப்பா, விசயத்துக்கு வாங்கோ" எண்டுவாள். வருவன். ஆனால் என்ரை பாதையாலைதான் வருவன்.

அண்டைக்கு என்ன நடந்ததெண்டால், அங்கை எங்கட நாட்டிலை எலெக்சன் முடிஞ்ச கிழமை. என்ரை தங்கச்சியின்ரை மகன் ரெலிபோன் எடுத்தவன். அவன் பூத்திலை ஏஜென்ராய் இருந்தவன். "மாமா, உங்கட வோட்டும் விழுந்திட்டுது" எண்டு சிரிக்கிறான். நான் இஞ்சை பதினோராம் மாடியிலை குசினிக்குள்ளை நிண்டு பாணுக்கு பட்டர் பூசிறன், அங்கை என்ரை வோட்டு விழுந்திட்டுதாம். "ஆர்ரா போட்டது?" எண்டு கேட்டன். "தெரியாது மாமா. நான் சாப்பிட்டிட்டு வந்து பாக்கேக்கை உங்கட பேருக்கு மேலை கோடு போட்டிருந்தது." நான் கேட்டன், "பேரைக் கூப்பிடேக்கை சின்னப் பொடியன் ஆரும் பக்கத்திலை நிண்டவனோ?" அவன் ஒண்டும் விளங்காமல், "ஏன் மாமா, சுகமில்லையோ?" எண்டான்.

அதை வாங்கிலை வந்து சொல்ல நீங்கள் எல்லாரும் சிரிச்சியள். "உம்முடையது மட்டுமே? என்ரையும் விழுந்தது!" எண்டார் ஒருத்தர். பியோர்ண்டாலிலை இருந்து வாற தம்பி சொன்னார், "எங்கட அண்ணை செத்து ஆறு வருஷம். அவரும் போட்டவராம். உயிரோடை இருக்கேக்கை ஒருநாளும் அந்தப் பக்கம் போகாத மனிசன்!" எண்டு. பகிடிதான். எனக்கும் வாயிலை சிரிப்பு வந்தது. ஆனால் அதுக்கு மேலை அங்கை இருக்க ஏலாமல் போச்சு. அதுதான் எழும்பினனான்.

இனி பின்னுக்குப் போறன். எனக்கு அப்ப ஒன்பது வயது இருக்கும்.

என்ரை அப்பா தெற்கிலை, சிங்கள ஊர் ஒண்டிலை சுருட்டுக்கடையிலை நிண்டவர். எங்கட பக்கத்து ஆம்பிளையள் கனபேர் அப்பிடித்தான், உங்களுக்கும் தெரியும். மனிசி பிள்ளையள் ஊரிலை, ஆள் தெற்கிலை. வருஷத்துக்கு ஒருக்கா றெயில் கோச்சியிலை வந்து இறங்குவினம். எங்கட அப்பா அப்பிடியும் ஒழுங்காய் வாற ஆள் இல்லை. ஆனால் எலெக்சனுக்கு வந்தவர். நான் நல்லாச் சின்னன். எலெக்சன் கேக்கிற ஆக்கள் தெற்கிலை நிக்கிறவையையும் வோட்டுக்கெண்டு கூட்டிக்கொண்டு வந்து இறக்குவினம். அப்பிடித்தான் வந்தவர். என்னைத் தோளிலை தூக்கிக்கொண்டு வோட்டுப் போடப் போனவர். மண்ணிறச் சேட்டு ஒண்டு. வாயிலை சுருட்டு. அண்டைக்குச் சுருட்டு நெருப்பு விழுந்து சேட்டின்ரை முதுகுப் பக்கம், தோளுக்குக் கீழை ஒரு ஓட்டை. நான் ஆடினதாலைதான் விழுந்ததெண்டு அவர் ஏசேல்லை, சிரிச்சவர். அம்மா அதை வெள்ளை நூலாலை தைச்சவ. மண்ணிறத்துக்கு வெள்ளை நூல்! வீட்டிலை வேறை நூல் இல்லை. போகேக்கை அந்தச் சேட்டை விட்டிட்டுப் போனவர். அம்மா றங்குப் பெட்டிக்குள்ளை வைச்சு, பூச்சி அரிக்காமல் போடுற வெள்ளை உருண்டையையும் போட்டு மூடினவ.

அதுக்குப் பிறகு ஒருக்கா வந்தவர் எண்டு நினைக்கிறன். பிறகு கடிதம் மட்டும். பிறகு அதுவும் குறைஞ்சு போச்சு.

அதாலை எனக்கு எலெக்சன் எண்டால் அப்பா வாறது. வேறை ஒண்டுமில்லை. ஊர் முழுக்கப் பாஷை, உரிமை எண்டு கதைச்சது. காரிலை ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, இந்த முறை ஆட்சி மாறினால் எங்கட தமிழுக்கு இடமில்லாமல் போகும் எண்டு கத்தினவை. பெரியாக்களின்ரை முகத்திலை பயம் இருந்தது, இப்ப யோசிக்கேக்கை தெரியுது. எங்கட ஆளுக்குக் குடைச் சின்னம். மற்ற ஆளுக்குச் சாவி. நான் கம்பி முறிஞ்ச குடை ஒண்டை எடுத்துப் படலையிலை கட்டினனான். அப்பா ஒழுங்கைக்குள்ளை வரேக்கை தூரத்திலையே வீடு தெரியட்டும் எண்டு. மாவைக் காய்ச்சிப் பசை செய்து நோட்டீஸ் ஒட்டுவினம், அந்தப் பசை புளிச்சு ஒரு மணம் வரும். இப்பவும் இஞ்சை சில பாணைப் பிரிச்சால் அந்த மணம் வருது. உடனை எனக்குக் கோச்சி வாற நினைப்பு.

"அப்பா, விசயத்துக்கு வாங்கோ." கேட்டியளே? சரி, வாறன்.

பள்ளிக்கூடத்திலை எனக்கு ஒரு வாத்தியார். வேறை ஊர் ஆள். எங்கட பள்ளிக்கு வந்து ஒரு வருஷந்தான். நான் மூண்டாம் வகுப்பு. என்னை முன்வாங்கிலை இருத்தி வாசிக்க விடுவார். "நீ எழுத்தைக் கண்டு பயப்பிடாதவன்" எண்டு ஒருக்காச் சொன்னவர். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தனான். எலெக்சனுக்கு மூண்டு நாள் இருக்கேக்கை அவர் கேட்டார், "உன்ரை அப்பா எங்கை நிக்கிறார்?" எண்டு. "தெற்கிலை கடையிலை ஐயா. எலெக்சனுக்கு வருவார்" எண்டன். அவர் தலையை ஆட்டினார். அவர் சாவிப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது.

எலெக்சனுக்கு முதல்நாள் பின்னேரம் நான் ஸ்ரேசனுக்குப் போனனான். தெற்கிலை இருந்து கனபேர் வந்து இறங்கினவை. பெட்டியளும் வாழைக்குலையளும் தொதல் பலகாரமுமாய். ஒவ்வொரு முகமாய்ப் பாத்தன். கோச்சி போய், கொடிக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்குப் போகுமட்டும் நிண்டன். வீட்டை வந்து அம்மாட்டை, "விடிய வாற கோச்சியிலை வருவர் போலை" எண்டன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவ. நிமிர்ந்து பாக்கேல்லை. "கையைக் கழுவிப்போட்டு வா" எண்டவ. அவ்வளவுதான்.

அடுத்தநாள் எங்கட பள்ளிக்கூடம்தான் பூத். எங்கட மூண்டாம் வகுப்பு மூலையைச் சாக்காலை மறைச்சுக் கட்டியிருந்தவை. நான் இருக்கிற வாங்கிலை ஒரு கிளாக்கர் இருந்தவர். ஆம்பிளையளுக்கு ஒரு வரிசை, பொம்பிளையளுக்கு ஒரு வரிசை. அம்மா பொம்பிளையளோடை. நான் வெளியிலை யன்னல் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

அங்கை ஒரு முறை இருந்ததெல்லோ. ஆள் வந்து நிண்டால், கிளாக்கர் நம்பரையும் பேரையும் சத்தமாய் வாசிப்பார். ரெண்டு பக்க ஏஜென்ற்மாரும் கேக்க வேணும் எண்டு. பிழையான ஆள் எண்டால் அவை எழும்பி மறுக்கலாம். ஒருத்தரும் மறுக்காட்டி, கிளாக்கர் அடிமட்டத்தை வைச்சுப் பேருக்கு மேலை கோடு இழுத்துவிடுவார்.

வெயில் ஏறியிருக்கும். என்ரை கையிலை கம்பித் துரு. உள்ளுக்கை கிளாக்கர் என்ரை அப்பான்ரை பேரை வாசிச்சார்.

ஒரு ஆம்பிளைக் குரல் "ஓம்" எண்டது.

நான் ஓடினன். பொலிஸ்காரன் வாசலிலை கையை நீட்டினவன், கையுக்குக் கீழாலை பூந்து ஓடினன். மண்ணிறச் சேட்டு. தோளுக்குக் கீழை வெள்ளை நூல். "அப்பா!" எண்டு கத்திக்கொண்டு போய்ப் பின்னாலை இடுப்பைக் கட்டிப்பிடிச்சு, முகத்தை அந்தச் சேட்டுக்குள்ளை வைச்சன். வெள்ளை உருண்டை மணந்தது. சுருட்டு மணக்கேல்லை. அப்பவே எனக்கு விளங்கியிருக்க வேணும்.

ஆள் திரும்பிச்சுது. என்ரை குஞ்சியப்பு. அப்பான்ரை தம்பி. பக்கத்து ஊரிலை கலியாணம் முடிச்சு இருந்தவர். ரெண்டு பேரும் ஒரே அச்சு, குஞ்சியப்புவுக்கு மீசை, அப்பாவுக்கு இல்லை. அண்டைக்குக் குஞ்சியப்பு மீசையை வழிச்சிருந்தார். மேல்வாய் மட்டும் வெள்ளையாய், உரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருந்தது.

நான் பூந்து ஓடேக்கையே வாத்தியார் எழும்பியிட்டார். அவர்தான் சாவிப் பக்க ஏஜென்ற். "நான் மறுக்கிறன். இவர் அந்த ஆள்தானோ எண்டு எனக்குச் சந்தேகம்" எண்டு பூத்துக்குப் பொறுப்பான ஐயாவுக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறார். அதுக்குள்ளை நான் வந்து கட்டிப்பிடிச்சாச்சு. பொறுப்பான ஐயா என்னைக் காட்டி, "பொடியன் அப்பா எண்டெல்லோ ஓடி வாறான்" எண்டார். வாத்தியார் குனிஞ்சு என்னைப் பாத்தார்.

"தம்பி, இஞ்சை என்னைப் பார். இது உன்ரை அப்பாவோ?"

குஞ்சியப்புவின்ரை கை என்ரை தோளிலை. வாசலிலை பொலிஸ்காரன். பொம்பிளையளின்ரை வரிசையிலை அம்மா. அம்மா என்னைப் பாக்கேல்லை, அந்தச் சேட்டைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ. றங்குப் பெட்டியின்ரை திறப்பு அம்மாவின்ரை இடுப்பிலைதான் எந்த நேரமும் இருக்கும். அம்மா எடுத்துக் குடுக்காமல் அந்தச் சேட்டு வெளியிலை வராது. இது ஒன்பது வயதிலையும் எனக்குத் தெரியும்.

இல்லை எண்டால் குஞ்சியப்புவைப் பொலிஸ் பிடிச்சு மறியலிலை போடும். ஓம் எண்டால்?

"ஓம் ஐயா" எண்டன்.

வாத்தியார் என்ரை முகத்தைப் பாத்தார். அவருக்குத் தெரிஞ்சது. எனக்கு இண்டைக்கும் சந்தேகமில்லை. "சரி. நீ சொன்னால் சரி" எண்டிட்டுப் போய்க் கதிரையிலை இருந்திட்டார். கிளாக்கர் அடிமட்டத்தை வைச்சார். அப்பான்ரை பேருக்கு மேலை கோட்டை இழுத்தார். பென்சில் போற சத்தம் எனக்குக் கேட்டது.

வெளியிலை வர எங்கட பக்க ஆக்கள் என்னைத் தூக்கினவை. "கெட்டிக்காரப் பொடியன்! உவன்தான்டா அடுத்த எம்பி!" எண்டு ஒருத்தர். குடை கட்டின காரிலை ஏத்தி ஊரைச் சுத்தினவை. சோடாவும் குடிக்கத் தந்தவை. அண்டைக்கு என்னைத் தூக்கின ஆக்கள் எல்லாரும் ஒண்டை யோசிக்கேல்லை. அந்தப் பொடியனின்ரை மண்டைக்குள்ளை என்ன ஓடுது எண்டு. அப்பாவின்ரை பேரை வெட்டியாச்சு. இனி அவர் வந்தாலும் இடமில்லை. வெட்டச் சொன்னது நான். இதுதான் ஓடினது. பின்னேரக் கோச்சிக்கு நான் ஸ்ரேசனுக்குப் போகேல்லை. படலைக் குடையை அவிட்டுக் கிணத்தடியிலை எறிஞ்சன்.

எங்கட ஆள் வெண்டவர். நாட்டிலை ஆட்சி மாறினது. மாறி என்ன நடந்தது எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகேல்லை. அந்த வாத்தியாரின்ரை முகத்தைப் பாக்க ஏலாது. வயித்துக்குத்து எண்டன், காய்ச்சல் எண்டன், பிறகு ஒண்டும் சொல்லாமல் தோட்டத்திலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறப் போனன். அம்மா போ எண்டு சொல்லேல்லை. அவவுக்கும் அந்த வாத்தியாரின்ரை முகத்தைப் பாக்கிறது கஷ்டம் போலை. ஒருநாள் அவரே வீட்டை வந்தவர். நான் வைக்கல் போருக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டன். "அவனிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை எண்டு சொல்லுங்கோ" எண்டவர். கொப்பி ஒண்டும் பென்சிலும் படலையடியிலை வைச்சிட்டுப் போனவர். அப்ப ஓடிப்போய் "ஐயா" எண்டிருக்கலாம். வைக்கல் முகத்திலை குத்த அப்பிடியே நிண்டன். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றம் வந்து போட்டார். அந்தக் கொப்பியிலை அம்மா உடுப்புத் தோய்க்கிறவனின்ரை கணக்கைக் கோடு கோடாய்க் கீறி வைச்சிருந்தவ.

ரெண்டு வருஷம் கழிச்சு தெற்கிலை கலவரம். எங்கட சனத்தைக் கப்பலிலை ஏத்தி அனுப்பினவை. குஞ்சியப்பு என்னைச் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போனவர். அவருக்கு மீசை திரும்ப வளந்திருந்தது. பேப்பரிலை எழுதி வைச்சுப் பேர் கூப்பிட்டவை. பேர் சொல்லச் சொல்ல ஆக்கள் "ஓம், ஓம்" எண்டு அழுதுகொண்டு முன்னுக்கு வருகினம். நான் அப்பான்ரை பேருக்குப் பாத்துக்கொண்டு நிண்டன். பேப்பர் முடிஞ்சுது. அப்பான்ரை கடையிலை நிண்ட ஒரு மனிசன் குஞ்சியப்புவைக் கண்டிட்டு வந்தவர். "உங்கட அண்ணை வரமாட்டன் எண்டிட்டார். அந்தச் சிங்களப் பொம்பிளையின்ரை ஆக்கள் ஒளிச்சு வைச்சிருக்கினம். ரெண்டு பிள்ளையளெல்லோ இப்ப." குஞ்சியப்பு, "பொடியன் நிக்கிறான்" எண்டார். பிந்திப் போச்சு.

திரும்பி வரேக்கை சைக்கிள் பாரிலை இருந்து கேட்டன், "அம்மாவுக்குத் தெரியுமோ?" குஞ்சியப்பு உழக்கிறதை விடேல்லை. "எலெக்சனுக்கு ஒரு மாதம் முந்தியே அதைச் சொல்லிக் கடிதம் வந்தது. நான்தான் கொம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினனான்" எண்டார். முதுகுக்குப் பின்னாலை அவர் அழுதவர் எண்டு நினைக்கிறன். நான் திரும்பிப் பாக்கேல்லை.

அப்ப, நான் ஓம் எண்டதாலை அப்பா வராமல் விடேல்லை. எனக்கு ஆறுதலாய் இருந்திருக்க வேணும். ஆனால் அந்த ரெண்டு வருஷமும் அது என்ரை பிழை எண்டு நினைக்கேக்கை, பிழையைத் திருத்தினால் வருவர் எண்டும் ஒரு நினைப்பு இருந்தது. அதுவும் அந்தச் சைக்கிளிலை போச்சு.

அம்மாட்டை அவவின்ரை கடைசிக் காலத்திலை ஒருக்காக் கேட்டனான், ஏன் சேட்டைக் குடுத்தனீங்கள் எண்டு. "பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் அது கிடக்குது. ஆரும் போட்டுக் கிழிக்கட்டும் எண்டு குடுத்தன்" எண்டவ. எனக்குச் சொல்லியிருக்கலாமே எண்டு கேக்க வாயெடுத்தன். கேக்கேல்லை.

இஞ்சை வந்து பதினேழு வருஷம். பிரஜாவுரிமையும் இருக்குது. ஒருநாளும் வோட்டுப் போடேல்லை. மனிசி இருக்கேக்கை அவ போவா, நான் வெளியிலை நிப்பன். அவ கண்ணை மூடி நாலு வருஷமாச்சு. இந்த செப்டம்பர் எலெக்சனுக்கு மகள் விடேல்லை. "அப்பா, நான் இருக்கிற லில்லெஸ்ட்ரோமிலை என்ரையைப் போட்டிட்டு அங்கை வாறன், உங்களைக் கூட்டிக்கொண்டு போறன்" எண்டவள். எனக்கு இவையின்ரை எழுத்து வாசிக்கத் தெரியாதெல்லோ, இஞ்சை குடையுமில்லை சாவியுமில்லை, வெறும் எழுத்து. அதாலை வீட்டுக்கு வந்த நோட்டீஸிலை ஒரு கட்சிப் பேரை வெட்டித் தந்தவள். "இதே மாதிரி எழுத்து இருக்கிற பேப்பரை எடுத்து மடியுங்கோ. மற்றது உங்கட விருப்பம்" எண்டவள். அண்டைக்குக் காலமை ரெலிபோன் எடுத்து, "அப்பா, வேலையிலை ஒருத்தி சுகமில்லை, என்னை நிக்கச் சொல்லினம். தனியப் போவியளோ?" எண்டாள். "போவன் பிள்ளை" எண்டன்.

அவள் இதை எழுதேக்கை கொஞ்சம் நிப்பாட்டியிட்டாள். எழுது பிள்ளை, உன்னிலை பிழை இல்லை.

வெளிக்கிட்டுக் கீழை வந்தன். எங்கட மாடிக் கட்டிடத்து வாசலிலை மணிப் பலகை இருக்குது. அதிலை எங்கட வீட்டுக்கு நேரை இருக்கிறது என்ரை பேர் இல்லை, அப்பான்ரை பேர். உங்கட வீட்டிலையும் அப்பிடித்தானே? பாஸ்போட்டிலை அப்பான்ரை பேர் கடைசியிலை நிண்டது, இவை அதையே குடும்பப் பேர் ஆக்கிப்போட்டினம். இத்தனை வருஷம் அதைத் தாண்டித்தான் போய் வந்தனான். இந்த எழுத்து வாசிக்கத் தெரியாட்டியும் அந்த ஒரு பேரின்ரை வடிவு எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம்தான் இஞ்சையும் பூத். பிள்ளையள் ஓடி விளையாடுற மண்டபம், ரப்பர் மணம். மறைப்புக்குள்ளை போய் வெட்டின துண்டைச் சட்டைப் பையிலை இருந்து எடுத்தன். முதல் எழுத்து கதிரையைக் கவிட்ட மாதிரி. அடுத்தது முட்டை. ஒவ்வொரு பேப்பராய் வைச்சு வைச்சுப் பாத்தன். எவ்வளவு நேரமோ தெரியாது. எழுத்தைக் கண்டு பயப்பிடாதவன் எண்டு ஒருத்தர் சொன்னவரெல்லோ, அவர் கண்டிருந்தால் என்ன நினைச்சிருப்பார்?

மடிச்சுக்கொண்டு மேசைக்கு வந்தன். ஒரு பொம்பிளைப்பிள்ளை, இருபது வயது வராது. என்ரை வோட்டுக் காட்டை வாங்கினது. பக்கத்திலை லிஸ்டோடை இருக்கிற கிழவனுக்குக் கேக்கட்டும் எண்டு சத்தமாய் வாசிச்சது. குடும்பப் பேர்தான் முதல்.

அப்பான்ரை பேர்.

அந்தப் பெரிய மண்டபத்திலை, அம்பது வருஷத்துக்குப் பிறகு. நான் இவையின்ரை பாஷையிலை "யா" எண்டுதான் சொல்லியிருக்க வேணும். "ஓம்" எண்டு சொன்னன். சத்தமாய்ச் சொல்லிப்போட்டன். வரிசையிலை நிண்டவை திரும்பிப் பாத்தவை. கிழவன் ஒண்டும் கேக்கேல்லை, அடிமட்டத்தை வைச்சுப் பென்சிலாலை கோடு இழுத்தார். ஒருத்தரும் எழும்பி மறுக்கேல்லை.

நான் பேப்பரைப் பெட்டிக்குள்ளை போடாமல் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறன். அந்தப் பிள்ளை மெல்லமாய்க் கேட்டது, கூட ஆரும் வந்தவையோ, ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறீங்களோ எண்டு.

இல்லை எண்டு தலையை ஆட்டினன். ஒருத்தரும் ஓடி வரேல்லை. பேப்பரைப் போட்டிட்டு வந்திட்டன்.

திரும்பி வரேக்கை சென்டருக்குள்ளை எட்டிப் பாத்தனான். அண்டைக்கு வாங்கிலை நீங்கள் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் வோட்டுப் போடப் போயிருப்பியள். கொஞ்சநேரம் தனிய இருந்திட்டு வந்தன். வாற கிழமை நான் வருவன். வோட்டுக் கதையையே கதையுங்கோ, நான் எழும்பமாட்டன். ஓரத்திலை கொஞ்சம் இடம் விடுங்கோ.